லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

குளச்சல் மீன்பிடித் துறைமுகத்தில் இருட்டிய பிறகு நான் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் கீழே விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஐந்து விளக்குகள் எரிகின்றன. மேலே நிலவில்லாத வானம். அந்த வானத்தில், வலப்பக்கம் உயரே, ஐந்து பச்சைப் புள்ளிகள் தொங்குகின்றன.

நான் பார்த்தபோது வானத்தில் அப்படி எதுவும் இல்லை. விண்மீன் இவ்வளவு பச்சையாக இருக்காது. படத்தை அச்செடுத்து, தாளைத் தலைகீழாகத் திருப்பியபோதுதான் விஷயம் பிடிபட்டது. படகு விளக்குகள் எந்த வரிசையில், எந்த இடைவெளியில் இருந்தனவோ அதே வரிசை, அதே இடைவெளி. விளக்குகள்தான் தலைகீழாக வானத்துக்குப் போயிருக்கின்றன.

உங்கள் செல்போனிலும் இப்படி ஒரு படம் இருக்கும். கோயில் கொடை, குருசடித் திருவிழா, கல்யாண மண்டபத்துச் சரவிளக்கு, எதுவானாலும் சரி. இரவில் எடுத்த படத்தில் வெளிச்சத்துக்கு நேர் எதிர் மூலையில் பச்சையோ நீலமோ ஒரு பொட்டு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

என் படத்தில் அந்தப் புள்ளிகளைப் போட்டது, கேமரா வாங்கிய அன்றே லென்ஸின் முகத்தில் திருகி மாட்டிய ஒரு வட்டக் கண்ணாடி. கடைகளில் அதை யூவி ஃபில்டர் என்பார்கள். “லென்ஸுல கீறல் விழாம இருக்கும், ஒண்ணு போட்டுக்கிடுங்க” என்று சொல்லித்தான் தருவார்கள். அந்தக் கண்ணாடி லென்ஸைக் காக்கிறதா, படத்தைக் கெடுக்கிறதா? புகைப்படக்காரர்கள் பல ஆண்டுகளாக இரண்டு கட்சியாக நின்று வாதாடும் கேள்வி இது. உப்புக்காற்றும் தாதுமணலும் உள்ள குளச்சலில் நின்று கேட்டால் இதற்குக் கொஞ்சம் வேறு மாதிரியான பதில் கிடைக்கிறது.

பெயர் ஒன்று, வேலை வேறு

யூவி என்றால் புற ஊதாக் கதிர். நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பழைய ஃபிலிம் சுருளில் நீல ஒளிக்கென்று இருந்த அடுக்கு, இந்தக் கதிரையும் நீலம் என்றே எண்ணிப் பதிந்துகொள்ளும். கடற்கரையிலும் மலையுச்சியிலும் இந்தக் கதிர் அதிகம். அதனால் தொலைவில் உள்ள காட்சிகள் நீலப்புகை படிந்தது போல் வந்தன. அந்தப் புகையை விலக்கத்தான் யூவி ஃபில்டர் வந்தது. ஃபிலிம் காலத்தில் அது காசுக்கேற்ற வேலையைச் செய்தது.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் ஃபிலிமின் இடத்தில் இருப்பது சென்சார். தமிழில் ஒளியுணரி என்று சொல்லலாம். பொதுவாக அதன் மேலேயே ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒளியின் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். போதாததற்கு, லென்ஸில் உள்ள கண்ணாடிகளே புற ஊதாக் கதிரை ஓரளவு விழுங்கிவிடுகின்றன. ஆகவே யூவி ஃபில்டருக்கு இன்று அந்தப் பழைய வேலை கிடையாது. அது இப்போது ஒரு காவல் கண்ணாடி மட்டுமே. பெயரைப் பார்த்து, படம் தெளிவாக வரும் என்று நம்பி யாரும் வாங்க வேண்டாம்.

கண்ணாடி எடுத்துக்கொள்ளும் பங்கு

இரவில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெளியே பார்த்தால் உங்கள் முகமே தெரிகிறது. கண்ணாடி ஒளியை உள்ளே விடும், கொஞ்சத்தைத் திருப்பியும் அனுப்பும். சாதாரணக் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடுகிறது. கண்ணாடிக்கு முன், பின் என்று இரண்டு பக்கங்கள். இரண்டிலுமாகச் சேர்த்து எட்டுப் பங்கு. மீதி 92 மட்டுமே உள்ளே போகும்.

எட்டுப் பங்கு வெளிச்சம் குறைவதை கேமரா பொருட்படுத்தாது. ஷட்டரை ஒரு இமைப்பொழுது கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிவிடும். கவலைப்பட வேண்டியது, திருப்பி அனுப்பப்பட்ட ஒளி எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றித்தான்.

பத்தாயிரம் ஒளித்துளிகள்

துறைமுகப் படத்துக்கே திரும்புவோம். ஒரே ஒரு படகு விளக்கை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 10,000 ஒளித்துளிகள் கிளம்பி, லென்ஸ் வழியாக உள்ளே போய், சென்சாரில் ஒரே புள்ளியில் குவிகின்றன என்று வைத்துக்கொள்வோம். லென்ஸுக்குள் நேரும் சில்லறை இழப்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்சாரை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எண்ணெய் படர்ந்த தண்ணீர் போல மினுங்கும். பழைய ஃபிலிமின் முகம் அதைவிட மங்கலானது. மினுங்கும் பரப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். நூற்றுக்கு ஐந்து பங்கு திரும்புகிறது என்று கொள்வோம். 10,000-இல் 500 துளிகள் வந்த வழியே லென்ஸுக்குள் புகுந்து வெளியேறப் பார்க்கின்றன.

எப்படி வெளியேறும்? தொலைவில் இருப்பதை நோக்கி ஃபோகஸ் செய்த லென்ஸ், வெளியிலிருந்து இணையாக வரும் கதிர்களைப் புள்ளியாகக் குவிக்கும். புள்ளியிலிருந்து வருவதை இணைகதிர்களாக்கி வெளியே விடும். ஆகவே அந்த 500 துளிகளும் ஒழுங்காக அணிவகுத்து, தாங்கள் வந்த படகு இருக்கும் திசையையே நோக்கி, அதாவது இடப்பக்கம் கீழே பார்த்துக் கிளம்புகின்றன. லென்ஸுக்கு முன்னால் ஒன்றும் இல்லையென்றால் அவை காற்றோடு போய்விடும். படத்தில் அவற்றுக்கு இடமில்லை.

முன்னால் ஃபில்டர் இருந்தால்? அது தட்டைக் கண்ணாடி. சுவரில் ரப்பர் பந்தைச் சாய்வாக எறிந்து பாருங்கள். இடப்பக்கம் சாய்த்து எறிந்த பந்து, சுவரில் பட்டுத் திரும்பும்போதும் இடப்பக்கமாகவே ஓடும். ஒளியும் அப்படித்தான். இடப்பக்கம் கீழே நோக்கிப் போன துளிகளில் எட்டு விழுக்காடு, அதாவது 40 துளிகள், ஃபில்டரில் பட்டு மறுபடி உள்ளே வருகின்றன. உள்ளே வரும்போதும் இடப்பக்கம் கீழ்நோக்கியே சாய்ந்து வருகின்றன. வெளியிலிருந்து அந்தச் சாய்வில் ஒரு கதிர் லென்ஸுக்குள் வர வேண்டுமானால் அது வலப்பக்கம் மேலே இருந்துதான் வர முடியும். லென்ஸுக்கு இந்த 40 துளிகளின் பூர்வீகம் தெரியாது. வலப்பக்கம் மேலே ஒரு விளக்கு இருப்பதாக எண்ணி, அங்கே ஒரு பொட்டு வைத்துவிடுகிறது. துளிகள் இணையாகவே திரும்பி வந்ததால் பொட்டு கூராகவும் விழுகிறது.

புகைப்படக்காரர்கள் இதை கோஸ்ட் என்கிறார்கள். கள்ளச்சாவி, கள்ள ஓட்டு என்பது போல, நான் இதைக் கள்ளப் பிம்பம் என்று அழைக்கிறேன்.

10,000-க்கு 40 என்றால் 250-இல் ஒரு பங்கு. அற்பம்தான். ஆனால் அது விழுகிற இடம் கருவானம். விளக்கு 10,000 துளிகள் அனுப்பிய நேரத்தில் அதே அளவு வானத்துண்டு ஒரு துளிகூட அனுப்பியிருக்காது. ஒன்றுமில்லாத இடத்தில் 40 துளிகள் விழுந்தால் கண்ணை உறுத்தாமல் என்ன செய்யும்?

இதே கேமரா, இதே ஃபில்டர். நண்பகலில், வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மீன் ஏலத்தைப் படமெடுங்கள். மீன், கூடை, கூட்டம், மணல் என்று எல்லாப் பக்கமிருந்தும் ஏறத்தாழ ஒத்த அளவில் ஒளி வருகிறது. ஒவ்வொன்றின் கள்ளப் பிம்பமும் எதிர்மூலையில் விழத்தான் செய்கிறது. 250 ரூபாய் இருக்கிற பையில் ஒரு ரூபாயைப் போட்டது போல அது இருக்குமிடம் தெரியாது. ஒரே கண்ணாடி ஓரிடத்தில் படத்தைக் கெடுக்கிறது, இன்னோரிடத்தில் தடயமே வைப்பதில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் தத்தம் படங்களை நீட்டி வாதாட முடிவது இதனால்தான்.

செல்போனில் தனி ஃபில்டர் இல்லாமலே இது நடக்கிறது. கேமராவை மூடியிருக்கும் தட்டைக் கண்ணாடியும் உள்ளே உள்ள தட்டைத் தகடுகளும் இதே வேலையைச் செய்துவிடுகின்றன. அதன் மேல் இன்னொரு ‘கேமரா கார்டு’ ஒட்டினால் ஒளியைத் திருப்பும் பரப்புகள் கூடும்.

கறை படிந்த லென்ஸ் சொன்ன பாடம்

1890-களில் இங்கிலாந்தில் லென்ஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த ஹெரால்டு டென்னிஸ் டெய்லர் ஒரு வினோதத்தைக் கண்டார். காலத்தால் கறைபடிந்து நிறம் மாறிய பழைய லென்ஸ்கள், புத்தம்புது லென்ஸ்களைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன. அந்தக் கறை மிக மெல்லிய படலமாக இருந்து, ஒளி திரும்புவதைக் குறைத்திருந்தது. 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மகுலா, வெற்றிடத்தில் கண்ணாடியின் மேல் இப்படிப்பட்ட படலத்தைத் திட்டமிட்டுப் பூசும் முறையைக் கண்டார்.

படலம் எப்படி வேலை செய்கிறது? ஒளி ஓர் அலை. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை ஒன்று. படலத்தைக் கடந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பும் அலை இன்னொன்று. ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் ஒரே இடத்தில் சந்திக்கும்படி படலத்தின் தடிமனை அமைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். அலைதடுப்புச் சுவரில் மோதித் திரும்பும் அலையும் எதிரே வரும் அலையும் சந்திக்கையில், சில இடங்களில் தண்ணீர் ஏறி இறங்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான். அடங்கிய ஒளி காணாமல் போவதில்லை. திரும்ப வேண்டியது உள்ளே போய்விடுகிறது. இதற்குத் தேவையான தடிமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ ஒரு கூறு.

ஒரு பூச்சு மட்டும் இருந்தால், திரும்பும் ஒளி ஒரு பக்கத்துக்கு நூற்றுக்கு நான்கிலிருந்து ஒன்றரைக்கும் கீழே இறங்கும். பல பூச்சுகளை அடுக்கினால் அரைக்கும் கீழே போகும். இரு பக்கமும் சேர்த்து அரை விழுக்காடு மட்டுமே திருப்பும் நல்ல ஃபில்டரை நம் கணக்கில் பொருத்திப் பாருங்கள். திரும்பிய 500 துளிகளில் மறுபடி உள்ளே வருபவை 40-க்குப் பதில் இரண்டு அல்லது மூன்று. ஃபில்டரே இல்லையென்றால், அதனால் வருவது சுழி.

பூச்சு எல்லா நிறத்தையும் சமமாக அடக்குவதில்லை. அடங்காமல் தப்பிய நிறம்தான் கள்ளப் பிம்பத்தின் நிறம். என் படத்துப் பச்சை, என் ஃபில்டரில் ஏதோ பூச்சு இருந்தது என்பதையும், படகு விளக்குகளுக்கு அது போதவில்லை என்பதையும் ஒருசேரச் சொல்லிவிட்டது.

கூர்மை குறையுமா

அச்சப்படுகிற அளவுக்கு இல்லை. பாறைக் குட்டையில் அசையாத தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சிப்பி தெளிவாகத் தெரிகிறது. சிற்றலை எழுந்தால் நெளிகிறது. கண்ணாடியும் அப்படியே. இரு முகமும் மட்டமாக, ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் கூர்மை குறைந்ததாகத் தெரியாது. மட்டமில்லாத மலிவுக் கண்ணாடி அசையாத சிற்றலை. அகன்ற காட்சி எடுக்கும் லென்ஸில் அந்தப் பிசகு பெரும்பாலும் தெரியாது. தொலைவை அருகே இழுக்கும் நீண்ட லென்ஸ், காட்சியைப் பெரிதாக்குவது போலவே பிசகையும் பெரிதாக்கும். சோதிக்க விரும்பினால் தொலைவில் காயும் வலையின் முடிச்சுகளை ஃபில்டரோடு ஒன்றும் இல்லாமல் ஒன்றும் எடுத்துப் பாருங்கள். கண்ணிகளைவிடக் கறாரான பரீட்சைத் தாள் கடற்கரையில் வேறில்லை.

கண்ணாடியைவிடக் கடினமான மணல்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனி குளச்சல்.

இந்தக் கரையின் மணலில் கறுப்பு வரிகள் ஓடுகின்றன. அது இல்மனைட் என்ற தாது. அதோடு கார்னெட், சிர்கான், ரூட்டைல், சிலிமனைட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் இந்திய அரசின் அருமண் நிறுவனம் இந்த மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தெடுக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் வெள்ளையாய் எரிந்தது. மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும் உண்டு. லென்ஸ்களை மெருகேற்றும் பொடி சீரியம் ஆக்சைடு. ஒளியை அதிகம் வளைக்கும் உயர்ரக லென்ஸ் கண்ணாடியில் சேர்ப்பது லாந்தனம். லென்ஸ் செய்யத் தேவைப்படும் தனிமங்கள் நம் காலடி மணலில் இருக்கின்றன என்பதை இந்தக் கரையில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

அதே மணல் லென்ஸுக்கு எமனாகவும் இருக்கும். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தும் அளவுகோல் ஒன்றை ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்தார். எண் கூடியது, குறைந்ததைக் கீறும். கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரை. கல்லுப்பு இரண்டரை. சாதாரண மணலின் குவார்ட்ஸ் ஏழு. கார்னெட்டும் ஏழை ஒட்டியே. சிர்கான் ஏழரை.

உப்புப் படிகத்தால் கண்ணாடியைக் கீற முடியாது. உப்போடு ஒட்டிக்கொண்டு வரும் மணலால் முடியும். ஆனி, ஆடிக் கடல் கொந்தளிக்கும் நாட்களில் தூவானத்தோடு மணல்தூசியும் முகத்தில் அறைகிறது. லென்ஸில் படிந்ததைச் சட்டை நுனியால் துடைக்கிறோம். நாமே சிர்கானைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தித் தேய்க்கிறோம். கீறல் விழுவது காற்றாலல்ல, பெரும்பாலும் நம் கையால்.

கீறல் விழுந்தால் லென்ஸ் தொலைந்ததா என்றால், அதுவுமில்லை. 50 மில்லிமீட்டர் அகலமுள்ள லென்ஸ் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் பொட்டு மறைப்பது 2,500-இல் ஒரு பங்கு பரப்பைத்தான். படத்தில் தெரியாது. ஆனால் நூற்றுக்கணக்கான நுண்கீறல்கள் சேர்ந்தால், அந்திச் சூரியனைப் பார்த்து எடுக்கும்போது ஒளி சிதறிப் படம் வெளுத்துப்போகும். குளச்சலில் சூரியன் கடலில் இறங்குவதைத்தான் எல்லோரும் எடுக்க வருகிறார்கள்.

உப்பைக் கழுவும் வழி

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. தூவானம் காய்ந்ததும் லென்ஸ் முகத்தில் உப்புப் பூத்துவிடும். உறைபனி படிந்த ஜன்னல் வழியே பார்ப்பது போல ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். கருமை சாம்பலாகும். ஒரு நல்ல ஃபில்டர் படத்துக்குச் செய்யும் கெடுதலைவிட இந்த உப்புப் படலம் செய்யும் கெடுதல் பல மடங்கு பெரிது.

உப்பைத் துடைக்கக் கூடாது, கரைக்க வேண்டும். லென்ஸைக் குழாயடியில் பிடிக்க முடியுமா? முடியாது. ஃபில்டரைப் பிடிக்கலாம். கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, மணல் முழுக்கப் போன பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் தீர்ந்தது. கடற்கரையில் ஃபில்டருக்கு நான் வாக்களிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். கீழே விழுந்தால் லென்ஸைக் காப்பாற்றும் என்பதை நான் பெரிதாக நம்பவில்லை. ஃபில்டர் மெல்லிய கண்ணாடி, லென்ஸ் முகமோ தடித்தது. சின்ன அடிக்கே ஃபில்டர் உடைந்து, அதன் சில்லு லென்ஸைக் கீறலாம். இடிபடுவதிலிருந்து காக்க லென்ஸ் ஹுட் எனப்படும் முகப்பு வளையம் மேல். பக்கவாட்டு வெளிச்சத்தையும் அது தடுக்கும். தூறலைத் தாங்கும்படி செய்த லென்ஸ்கள் சிலவற்றுக்கு ஃபில்டர் மாட்டினால்தான் அந்தக் காப்பு முழுமையாகும் என்பதையும் சொல்ல வேண்டும். கேனானின் 17-40 அப்படிப்பட்ட ஒன்று.

இன்னொன்று. அலுமினிய வளையமுள்ள ஃபில்டரை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் உப்பேறி மரையோடு இறுகிவிடும். பித்தளை வளையம் அவ்வளவு எளிதில் இறுகாது. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன், மாட்டும் முன்

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஃபில்டரைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, மேலே எரியும் விளக்கு அதில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். விளக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சில்லாத வெறுங்கண்ணாடி. மங்கிய பச்சையோ ஊதாவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. எவ்வளவு மங்கலோ அவ்வளவு நல்லது. பல ஆயிரம் ரூபாய் லென்ஸுக்கு முன்னால் வெறுங்கண்ணாடியை மாட்டாதீர்கள்.

என் தீர்ப்பு இது. காற்றடிக்கும் பகலில் கரையில் நிற்கிறீர்கள், வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கிறது என்றால் நல்ல பூச்சுள்ள ஃபில்டரைப் போடுங்கள். அதனால் படத்துக்குக் கண்ணில் படும் நட்டம் ஏதுமில்லை. விளக்கோ சூரியனோ படத்துக்குள் வருகிறது என்றால், எவ்வளவு நல்ல ஃபில்டரானாலும் கழற்றிவிடுங்கள். கரையிலிருந்து வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஃபில்டரைக் குழாய் நீரில் கழுவுங்கள். அன்று இரவே துறைமுக விளக்குகளை எடுக்கப் போவதாக இருந்தால், கழுவியதைத் திரும்ப மாட்ட வேண்டாம்.